தம்பியின் கைக்கு எட்டிய பூனைகள்: வாங்கிப் பார்த்த பொருள்களைப் பற்றிய மதிப்புரை

வீட்டிலுள்ள எல்லோருடைய மடியிலும் ஏறிப் படுத்துக்கொள்ளும் பூனை, சக்கர நாற்காலியில் இருப்பவரை மட்டும் சுற்றி விலகிப் போகும் வீடுகள் பல உண்டு. எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. என் தம்பிக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கைகால் நான்கிலும் தசை இறுக்கம் உண்டு, பேச்சு சில ஒலிகளோடு நின்றுவிடும், ஆனால் எதிரில் நடப்பது ஒன்று விடாமல் அவனுக்குப் புரியும். தாம்பரத்தில் நாங்கள் இருக்கும் தெருவிலிருந்து வந்து சேர்ந்த செவலை, கருப்பி என்ற இரண்டு நாட்டுப் பூனைகள் மீது அவனுக்குக் கொள்ளை ஆசை. அவற்றுக்கோ அவனுடைய அறை வாசல் வரைதான் தைரியம் இருந்தது. இந்த இடைவெளியைக் குறைக்க நாங்கள் வாங்கியவற்றுள் எவை பயன்பட்டன, எவை பரணுக்குப் போயின என்பதைக் காரணத்தோடு இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பொருளையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டேன்: இதைத் தம்பியே செய்ய முடிகிறதா? அவன் பார்த்துக்கொண்டிருக்க நான் தீனி கொடுத்தால், பூனை என்னோடுதான் நெருங்கும். நல்லது யாரிடமிருந்து வருகிறது என்பதில் பூனைக்குக் குழப்பமே கிடையாது. செல்லப்பிராணிப் பொருள்களின் அட்டைகளில் பூனையின் வயது, எடை, இனம் எல்லாம் அச்சிட்டிருக்கும். அதைப் பிடிக்கப்போகும் மனிதக் கை எப்படிப்பட்டது என்று ஒரு நிறுவனமும் யோசித்ததாகத் தெரியவில்லை. விரல்களால் கிள்ளிக் கிழிக்க வேண்டிய பாக்கெட், இரண்டு கைகளாலும் திருக வேண்டிய மூடி, கட்டைவிரலால் அழுத்த வேண்டிய சிறு பொத்தான் என்று எல்லாமே நன்றாக இயங்கும் கைகளுக்காகச் செய்யப்பட்டவை. ஆகவே ஒரு பொருள் பூனைக்குப் பிடித்திருந்தது என்பது என் கணக்கில் பாதி மதிப்பெண்தான்.

பூனை ஏன் விலகுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் எதை வாங்குவது என்பது அதைப் பொறுத்தது. தம்பிக்குக் குக்கர் விசில் அடித்தாலே உடல் தூக்கிப்போடும். மகிழ்ச்சி மிகுந்தால் கை விறைத்து நீளும், குரல் உயர்ந்து எழும். பூனையின் கண்ணில் இவை மூன்றும், அதாவது திடீர் அசைவும், மேலிருந்து வரும் கையும், உரத்த ஒலியும், ஆபத்துக்கு அடையாளம். இவற்றோடு நாற்காலியின் இரும்புச் சத்தமும் தரையில் உருளும் சக்கரமும் சேர்ந்துகொள்கின்றன. பூனைக்குட்டிகள் பிறந்த 2 முதல் 7 வாரங்களுக்குள் எவற்றோடெல்லாம் பழகுகின்றனவோ அவற்றைத்தான் பிற்பாடு எளிதில் ஏற்கின்றன என்பது அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் நடத்திய ஆய்வுகளிலிருந்து நிலைபெற்ற கருத்து. மதில்மேல் வளர்ந்த பூனை அந்த வயதில் சக்கர நாற்காலியை எங்கே பார்த்திருக்கப் போகிறது? சுவிட்சர்லாந்தில் பூனை–மனித உறவை நெடுங்காலம் ஆராய்ந்த டென்னிஸ் டர்னர் கண்ட மற்றொன்றும் எங்களுக்கு வழிகாட்டியது: நெருக்கத்தைப் பூனை தானாகத் தொடங்கினால் அது நீண்ட நேரம் நிலைக்கிறது, மனிதர் தொடங்கினால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. பூனையைத் தூக்கிக்கொண்டு போய்த் தம்பி மடியில் வைக்கும் வேலை எதையும் நாங்கள் செய்யாததற்கு இதுவே காரணம்.

முதலிடம் குழாய்ப் பாக்கெட்டில் வரும் பசைத் தீனிக்கு. கடைகளில் ‘கிரீமி ட்ரீட்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஜப்பானின் இனாபா நிறுவனம் ‘சுரு’ என்ற பெயரில் விற்பது குழாய்க்கு 14 கிராம். தாய்லாந்துத் தயாரிப்பான மீ-ஓ 15 கிராம் குழாய்கள் நான்கு கொண்ட பாக்கெட்டாக வருகிறது. ஷீபா மெல்ட்டி 12 கிராம். எங்கள் தெருமுனைக் கடையில் எப்போதும் இருப்பது மீ-ஓ என்பதால் அதையே அதிகம் வாங்கினோம். பாக்கெட் நூறு ரூபாயை ஒட்டி வரும், இணையத்தில் மொத்தமாக வாங்கினால் சற்றுக் குறையும். கோழியும் ஈரலும் கலந்ததற்குச் செவலை உயிரை விடும். கருப்பிக்கு மீன் வகைதான் வேண்டும்.

இந்தத் தீனியின் உண்மையான பலம் சுவையில் மட்டும் இல்லை, அது தின்னப்படும் விதத்தில் இருக்கிறது. மொறுமொறுப்பான தீனித் துண்டைப் போட்டால் பூனை அதைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்த் தின்னும். தம்பியின் அருகில் அது இருக்கும் நேரம் ஒரு நொடிதான். பசையை அப்படிக் கவ்விக்கொண்டு ஓட முடியாது. நின்று நக்கத்தான் வேண்டும், ஒரு குழாய் தீருவதற்குள் ஒன்றிரண்டு நிமிடங்களாவது ஆகிவிடும். அந்த நேரம் முழுவதும் பூனை தம்பியின் மூச்சைக் கேட்கிறது, அவன் கால் துடிப்பதைப் பார்க்கிறது, நாற்காலியின் வாடையை முகர்கிறது. இவை எல்லாமே வாயில் ருசி இருக்கும்போது நிகழ்வதால், பயப்பட வேண்டியவை என்று முன்பு நினைத்தவை மெல்ல மெல்லத் தீனியின் அறிகுறிகளாகிவிடுகின்றன.

ஆனால் பாக்கெட்டை உள்ளபடியே அவன் கையில் கொடுத்தால் வேலைக்காகாது. கிழிக்கும் முனை நகக்கண் அளவுதான் இருக்கும். கிழித்துக் கொடுத்தாலும், கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுக்குவதற்குத் தேவையான அளவான அழுத்தம் அவன் கையில் இல்லை. விரல்கள் மூடினால் முழுதாக மூடும், பசை மொத்தமும் சட்டையில் இருக்கும். இதற்கு மாற்று சொன்னவர், அன்றாட வேலைகளைத் தானே செய்ய அவனுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். சாப்பிடும்போது கரண்டியைச் செருகிக்கொள்வதற்காக உள்ளங்கையைச் சுற்றிக் கட்டும் பட்டை ஒன்று உண்டு, யுனிவர்சல் கஃப் என்பார்கள். வெல்க்ரோ ஒட்டும் சிறு பை போன்றது, சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அதில், குழந்தைகளுக்குக் கஞ்சி ஊட்டப் பயன்படும் மெத்தென்ற சிலிக்கான் கரண்டியைச் செருகி, அதன்மேல் பசையைப் பிதுக்கி வைத்துவிட்டு நான் எட்டிப் போய்விடுவேன். கரண்டி எவர்சில்வராக இருக்கக் கூடாது. கை உதறும்போது பூனையின் பல்லில் பட்டால் அது மறுநாள் வராது.

முதலில் பூனைகள் அவன் கைக்கு அருகே வரவே தயங்கியதால், கரண்டிக் காம்பை மின்வயர் ஓட்டும் பிளாஸ்டிக் பைப் ஒன்றில் செருகி நீளமாக்கினோம். பூனைகள் அந்தத் தூரத்தில் நின்று நக்கப் பழகிய பிறகு, ரம்பத்தால் பைப்பைச் சாண் சாணாகக் குறைத்துக்கொண்டே வந்தோம். கருப்பி நக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாலை அவன் கை உதறிக் கரண்டி அவளுடைய மீசை மயிரை உரசியது. அவள் காதுகளை மடித்துக்கொண்டு தலையைப் பின்னுக்கு இழுத்தாள், அவன் கையையே சற்று நேரம் பார்த்தாள், பிறகு கழுத்தை நீட்டி விட்ட இடத்திலிருந்து நக்கத் தொடங்கினாள். சிலிக்கான்மேல் அவள் நாக்கு உரசும் சரசரப்பு அறை முழுதும் கேட்டது. சத்தம் போட்டுச் சிரித்தால் ஓடிவிடுவாள் என்று தெரிந்த தம்பி வாயை இறுக மூடிக்கொண்டு உடம்பெல்லாம் குலுங்கினான்.

குறைகளும் உண்டு. இது முழு உணவாகாது. நான்கு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 கலோரி தேவை என்றால், இதுபோன்ற தீனிகள் எல்லாம் சேர்ந்து அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பசையில் பெரும்பகுதி நீர் என்பதால் குழாய் ஒன்றின் கலோரி மிகக் குறைவு, ஆகவே ஒன்றிரண்டு குழாய்களால் கேடில்லை. ஆனாலும் சிறுநீரகக் கோளாறுள்ள பூனை என்றால் மருத்துவரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். மலிவான வகைகளை வாங்கும்போது உட்பொருள் பட்டியலில் வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. நம் ஊர் வெயிலில், பிரித்த குழாயை மேசைமேல் விட்டால் கெடுவதற்கு முன்பே எறும்பு மொய்த்துவிடும்.

விலை குறைவாகவும் பயன் மிகுதியாகவும் அமைந்தது சுவர் மூலையில் ஒட்டுவதற்கென்று விற்கும் உரசு பிரஷ். கடினமான பிளாஸ்டிக் முட்கள் கொண்ட வளைந்த சீப்பு அது; நூற்றைம்பது முதல் முந்நூறு ரூபாய்க்குள் இணையத்தில் கிடைக்கிறது. பூனை தன் கன்னத்தை அதில் உரசிக்கொள்ளும். நாங்கள் அதைச் சுவரில் ஒட்டவில்லை. நாற்காலியின் கைப்பிடிக்குக் கீழே உள்ள குழாயில், வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் டேக் இரண்டு போட்டு இறுக்கினோம். பூனையின் கன்னங்களிலும் மோவாயிலும் வாசனைச் சுரப்பிகள் உள்ளன. ஒரு பொருளில் அது கன்னத்தை உரசினால், தனக்குப் பழக்கமான பொருள் என்று அதன்மேல் முத்திரை குத்துகிறது என்று பொருள். நாற்காலி இப்படிப் பூனையின் முத்திரை பெற்றதும் அதன்மேல் இருந்த அச்சம் பெருமளவு குறைந்துவிட்டது. செவலை உரசிக்கொண்டே நகரும்போது அதன் முதுகு தம்பியின் தொங்கும் விரல்களைத் தானாகவே தொட்டுச் செல்லும். அவன் கையைத் தூக்க வேண்டியதில்லை, குறிபார்க்க வேண்டியதில்லை, பூனையைப் பிடித்துவிடுமோ என்று எங்களுக்கும் கவலையில்லை. தடவிக்கொடுக்க முடியாத கைக்குத் தடவுதலை வாங்கித் தந்த பொருள் இது ஒன்றுதான்.

அடுத்தது இறகு கட்டிய தூண்டில் குச்சி. நூற்றைம்பது ரூபாய்ப் பொருளுக்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று தோன்றலாம், ஆனால் எங்கள் அனுபவத்தில் மிகப் பெரிய வியப்பைத் தந்தது இதுதான். நானோ அம்மாவோ குச்சியை ஆட்டினால் இறகு ஒரே சீராக, ஊஞ்சல் போல இப்படியும் அப்படியும் போகும். பூனைகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடும். தம்பியின் மணிக்கட்டில் வெல்க்ரோ பட்டையால் அதே குச்சியைக் கட்டிவிட்டால் இறகு நடுங்கும், நிற்கும், திடீரென்று ஓரடி தாவும், மறுபடி நின்று துடிக்கும். அடிபட்ட சிட்டுக்குருவி தரையில் செய்வதும் அதையேதான். எந்த உதறல் அருகிலிருக்கும்போது பூனைகளை விரட்டியதோ, அதே உதறல் நான்கடி தள்ளி நூலின் முனையில் அவற்றுக்குத் தவிர்க்க முடியாத ஆட்டமாகிவிட்டது. அவனளவுக்கு எங்களில் யாரும் அவற்றோடு விளையாட முடியவில்லை என்பதை அம்மாவே ஒப்புக்கொண்டார்.

வாங்கும்போது குச்சி எடை குறைந்ததாகவும் வளையக்கூடியதாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். மூங்கில் குச்சி உதறலில் முகத்தில் அடிக்கும். முனையில் உலோகக் கொக்கி வெளியே தெரியும் வகை வேண்டாம். விளையாட்டு முடிந்ததும் நூலோடு சேர்த்து அலமாரியில் வைத்துப் பூட்டுவது கட்டாயம், ஏனெனில் பூனை நூலை விழுங்கினால் அது குடலைச் சுருக்கி அறுத்துவிடக்கூடும், அறுவைச் சிகிச்சை வரை போகும். அவனால் எழுந்துபோய்ப் பூனையின் வாயிலிருந்து நூலை இழுக்க முடியாது என்பதால் விளையாட்டின்போது யாராவது ஒருவர் அறையில் இருந்தாக வேண்டும். நாங்கள் அறை மூலையில், பார்வையில் படாமல் உட்கார்ந்திருப்போம்.

கையே அசையாதவர்களுக்கு என்ன செய்வது என்ற கேள்வி வரும். அதற்காகத்தான் சுவிட்ச் முறையைப் பற்றிச் சொல்கிறேன், இதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பேட்டரியில் ஓடும் பல பொம்மைகளை வெளியிலிருந்து ஒரு பெரிய பொத்தானால் இயக்கும்படி மாற்ற முடியும். பேட்டரிக்கும் அதைத் தொடும் தகட்டுக்கும் இடையே, நடுவில் மின்சாரம் கடத்தாத படலம் வைத்த இரண்டு மெல்லிய செப்புத் தகடுகளைச் செருக வேண்டும்; அவற்றிலிருந்து வரும் வயர்கள் 3.5 மி.மீ. செருகுவாயில் முடியும், அதில் பொத்தானை மாட்டினால் போதும். ஏபிள்நெட் நிறுவனத்தின் ‘பிக் ரெட்’ பொத்தான் ஐந்து அங்குல அகலம் கொண்டது; முழங்கை, கன்னம், பாதம் எதனாலும் அழுத்தலாம். சிறப்புப் பள்ளிகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். இறக்குமதி என்பதால் விலை பல ஆயிரம் ஆகும். நாங்கள் சென்னையில் மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் வட்டமான பெரிய பொத்தானும் செருகியும் வாங்கி, தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்துச் சில நூறு ரூபாயில் முடித்துக்கொண்டோம். துணிக்கடியில் இறகு சுற்றும் பொம்மை ஒன்றை இதில் இணைத்திருக்கிறோம். தம்பி கன்னத்தால் அழுத்தினால் ஓடும், எடுத்தால் நின்றுவிடும். எப்போது ஓட வேண்டும், எப்போது பூனையை ஏங்கவிட வேண்டும் என்பது அவன் விருப்பம். இதில் அவனுக்குள்ள குறும்பை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்.

தானாக உருளும் பந்து, தானாகச் சுற்றும் லேசர் விளக்கு ஆகிய இரண்டையும் இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். இரண்டையும் வாங்கினோம். பூனைகள் ஆடின, தம்பி வேடிக்கை பார்த்தான், அவ்வளவுதான். என் கேள்விக்கு இரண்டும் தோற்றவை. லேசரில் இன்னொரு குறை, ஒளிப்புள்ளியைப் பூனையால் பிடிக்கவே முடியாது. வேட்டை முடியாத எரிச்சலோடு அது எழுந்து போகும். வலிப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் மினுக்கும் ஒளிப் பொம்மைகளை மருத்துவரைக் கேட்காமல் வைக்க வேண்டாம்.

விலை உயர்ந்த பொருள் ஒன்றையும் பார்த்துவிடுவோம். சுவர்ப் பிளக்கில் மாட்டும் ஃபெலிவே என்ற கருவி, பூனையின் கன்னச் சுரப்பி வாசனையின் ஒரு கூறைச் செயற்கையாகச் செய்து காற்றில் பரப்புகிறது. பிரான்சில் பாத்ரிக் பஜா என்ற கால்நடை நடத்தை வல்லுநரின் ஆய்விலிருந்து வந்தது. 48 மி.லி. குப்பி ஏறக்குறைய 30 நாள் வரும், 50 முதல் 70 சதுர மீட்டர் வரை எட்டும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. பல பூனை மருத்துவர்கள் இதைப் பரிந்துரைக்கிறார்கள். மறுபுறம், 2010இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான தொகுப்பாய்வு, பூனை நாய்களின் நடத்தைச் சிக்கல்களுக்கு இத்தகைய வாசனைப் பொருள்கள் பயன் தருகின்றன என்பதற்குப் பெரும்பாலும் போதிய சான்று இல்லை என்று முடிவு சொன்னது. சன்னலெல்லாம் திறந்து, மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும் நம் வீடுகளில் வாசனை எங்கே தங்கும் என்ற ஐயமும் எனக்கு உண்டு. மாதாமாதம் புதுக் குப்பி வாங்க வேண்டிய செலவை நினைத்து நாங்கள் இதை வாங்கவே இல்லை. பூனையின் சொந்தக் கன்ன வாசனையையே நாற்காலியில் பூச ஒரு பிரஷ் இருக்கும்போது, அதன் செயற்கைப் பிரதியை இறக்குமதி செய்ய மனம் ஒப்பவில்லை. குளிரூட்டிய, மூடிய அறையிலேயே எப்போதும் இருக்கும் நோயாளிக்கு இது வேறு மாதிரி அமையலாம்.

காசில்லாமல் கிடைத்த வாசனை வழி ஒன்றும் உண்டு. தம்பி இரவில் கழுத்தில் போட்டுக்கொண்டு தூங்கும் துண்டைத் துவைக்காமல் பூனைகள் படுக்கும் கூடையில் விரித்தோம்; அவை படுத்த துண்டைத் திரும்ப அவன் மடியில் போட்டோம். மடியில் ஏறும் கட்டம் வந்தபோது அந்தத் துண்டே மெத்தையாகவும் நகத்துக்குத் தடுப்பாகவும் இருந்தது. அதேபோல, கண்ணைப் பாதியாக மூடி மெதுவாகத் திறக்கும் பார்வைக்குப் பூனைகள் அதே விதமாகப் பதில் தருகின்றன என்றும், அப்படிப் பார்ப்பவரிடம் நெருங்கி வரும் வாய்ப்பு கூடுகிறது என்றும் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கை, கால், குரல் எதுவும் ஒத்துழைக்காதவர்களிடமும் பெரும்பாலும் இமை ஒத்துழைக்கும். தம்பி இதைச் சொல்லிக்கொடுத்த அன்றே பிடித்துக்கொண்டான்.

சேவை ஒன்றையும் விலை கொடுத்துப் பார்த்தோம். பூனைப் பயிற்சியாளர் என்று அறிமுகமான ஒருவர் காணொளி வழியாக ஒரு மணி நேரம் பேசினார். பூனைகளைப் பற்றி நிறையத் தெரிந்தவர்தான். ஆனால் தம்பியிடம் ஒரு சொல் பேசவில்லை. ‘அவருக்குப் புரியுமா மேடம்?’ என்று அவன் எதிரிலேயே என்னைக் கேட்டார். பூனையைத் துணியில் சுற்றி அவன் மடியில் வைத்து, அது அடங்கும்வரை நான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய யோசனை. பிடித்து வைத்த பூனை அடங்கியது போலத் தெரிந்தாலும் உறைந்துபோய்த்தான் இருக்கும்; விட்டவுடன் கீறிக்கொண்டு பாயும், அந்தக் கீறல் விழுவது விலகிக்கொள்ள முடியாதவன் மேல். இந்தச் சேவைக்கு நான் மதிப்பெண் தர மாட்டேன். ஆலோசகரைத் தேடுவோர், கட்டணம் செலுத்துமுன், சம்பந்தப்பட்டவரின் கை எவ்வளவு அசையும், பேச்சு எப்படி என்று அவர் தாமாகக் கேட்கிறாரா என்று பாருங்கள். இந்தப் பொருள்கள் அனைத்திலும் எங்களுக்கு உருப்படியாக உதவியவர் பூனையே வளர்க்காத அந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான்.

நெருக்கம் வந்த பிறகுதான் வேறு சில ஆபத்துகள் தலைகாட்டும், அவற்றைப் பொருள் விற்பவர்கள் சொல்வதில்லை. தசை இறுக்கத்துக்குத் தரப்படும் பேக்லோஃபென் மாத்திரை பூனைகளுக்கு நஞ்சு. தரையில் விழுந்த ஒரு மாத்திரையைக்கூட விட்டுவைக்கக் கூடாது. பாராசிட்டமாலும் அப்படியே. வலிக்குத் தடவும் களிம்புகளில் இன்னும் கவனம் தேவை: ஃப்ளூர்பிப்ரோஃபென் கலந்த வலிக் களிம்பை வீட்டிலுள்ளவர்கள் தடவிக்கொண்டதால் பூனைகள் நோயுற்றதையும் இறந்ததையும் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015இல் எச்சரித்தது. டைக்ளோஃபெனாக் ஜெல்லும் அதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. தைலமோ ஜெல்லோ தேய்த்த காலைப் பூனை நக்காதபடி துணியால் மூடி வைக்கிறோம், அந்த நேரத்தில் அதை மடியில் விடுவதில்லை.

நகத்தை இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வெட்டுவது எங்கள் வீட்டு விதி. பூனைக்கென்று விற்கும் சிறு நகவெட்டி போதும். தொடு உணர்வு குறைந்தவர்களுக்குக் கீறல் விழுந்ததே தெரியாமல் போகும் என்பதால் குளிப்பாட்டும்போது கால்களைப் பார்த்துவிட வேண்டும். சர்க்கரை நோயோ இரத்தம் உறையாமைக்கான மருந்தோ இருந்தால் சின்னக் கீறலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி போடாத பூனையை மடியில் ஏற்றும் பேச்சே கூடாது. எங்கள் பூனைகளுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் போட்டோம். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். காற்றடைத்த மெத்தை இருக்கையில் அமர்பவர்கள், பூனை நகம் அதைத் துளைத்துவிடாமல் தடித்த உறை போட்டுக்கொள்வது நல்லது. அந்த இருக்கையின் விலை பூனை செலவு எல்லாவற்றையும்விட அதிகம்.

சக்கரத்தைப் பற்றியும் ஒரு செய்தி. பழகிய பூனைக்கு நாற்காலியின் அடிப்பகுதி குளிர்ச்சியான குகை, வாலை நீட்டிச் சக்கரத்தின் ஓரமாகவே படுத்துக்கொள்ளும். நாற்காலியை நகர்த்துமுன் மணி அடிப்பது என்று வழக்கப்படுத்தினோம். பொம்மைக் கடையில் வாங்கிய சைக்கிள் மணியைக் கைப்பிடியில் பொருத்தி, மணி அடித்துச் சற்றுப் பொறுத்துத்தான் தள்ளுவோம். சில நாளிலேயே மணிச் சத்தம் கேட்டதும் பூனைகள் வெளியே வந்து நிற்கத் தொடங்கின. தம்பி இப்போது அவை வெளியே வருவதைப் பார்ப்பதற்காகவே காரணமில்லாமல் மணி அடிக்கிறான், அவற்றுக்கு அது பிடிக்கவில்லை.

இருக்கும் பணத்தில் எதை முதலில் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: உரசு பிரஷ்ஷும் ஒரு பாக்கெட் பசைத் தீனியும் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கும், அவற்றோடு தொடங்குங்கள். உள்ளங்கைப் பட்டை பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும், இல்லையென்றால் தெரபிஸ்ட்டிடம் அளவு கேட்டு வாங்குங்கள், பெரிதானால் கழன்று விழும். தூண்டில் குச்சியைப் பூனை நாற்காலிக்கு நான்கடி தூரத்தில் நிம்மதியாக உட்காரத் தொடங்கிய பிறகு வாங்கினால் போதும். சுவிட்ச் வேலை கை அசைவு மிகக் குறைந்தவர்களுக்கு. பிரஷ்ஷின் முட்கள் சில மாதங்களில் மயிர் சிக்கி மழுங்கிவிடும், வாங்கும்போதே இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். கட்டும் டேக்கின் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை ஒட்ட வெட்டி, அதன்மேல் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் தம்பி கையிலும் குத்தாது, பூனையின் கண்ணிலும் படாது.